குடும்பப் பெயர்

படிவத்தில் முதல் கட்டம் பெயர்.
செண்பகவடிவு என்று தட்டினேன்.
இரண்டாவது கட்டம் குடும்பப் பெயர்.
எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்று கிடையாது.
காலியாக விட்டால் சிவப்பாகிறது.
பாஸ்போர்ட்டுக்காக என்றைக்கோ பிரித்து வைத்ததையே
மறுபடி எழுதினேன்: மாடசாமி.

இரவு பதினொன்றுக்குப் பதில் வந்தது, எந்திரம் அனுப்பியது.
அன்புள்ள டாக்டர் மாடசாமி,
சுகாதார அறிவியல் துறையில் பகுதிநேர விரிவுரையாளர் பணிக்குத்
தங்கள் விண்ணப்பம் கிடைத்தது.

தென்காசி அரிசி மண்டியில் மூட்டை இறக்கும் மாடசாமி,
மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவர்,
ஷார்ஜாவில் டாக்டராகிவிட்டார்.

கற்பித்த அனுபவம், ஆண்டுகளில்.
பூஜ்யம் போட்டேன். அதையும் ஏற்கவில்லை.
ஒன்றாவது போடடீ என்றாள் கூட இருக்கும் லின்சி.

பதினோரு வருஷமாய்
விசா மருத்துவச் சோதனை நிலையத்தில்
ஏழாம் எண் நாற்காலிக்கு எதிரே நான்.
விடியுமுன் பஸ்ஸில் வந்து இறங்கும் கைகள்,
நாளொன்றுக்கு நூற்றெண்பது முழங்கை மடிப்பு.
நரம்பு கிடைக்கலையா சிஸ்டர் என்பார்கள்.
நரம்பு இல்லை அண்ணே, சிரை.
விமானத்தில் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டவனின் சிரை
உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.
சிமெண்டு சுமந்தவனுடையது கயிறாய் எழும்பி நிற்கும்,
ஊசி தொட்டதும் வழுக்கும்.
கட்டைவிரலால் கீழே இழுத்துப் பிடித்தால் அடங்கும்.
இதற்கு எந்தப் பாடத்திட்டத்தில்
எத்தனை மதிப்பெண் என்று தெரியாது.

சான்றிதழைத் திருப்பிப் பார்த்தேன்.
சென்னை, தில்லி, தூதரகம், அமைச்சகம்.
முகத்தில் இருக்கும் பட்டத்தைவிட
முதுகில் விழுந்த முத்திரைகளுக்குச் செலவு அதிகம்.

மாதிரி வகுப்புக்குப் பதினைந்து நிமிடம்.
மேசைமேல் ரப்பர் கை.
எனக்கு முன்னால் குத்தியவர்களின் ஓட்டைகள்
ஒரே கோட்டில்.
இதற்குத் தாகமே எடுத்ததில்லை என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
துறைத்தலைவி டாக்டர் ஹனான் மட்டும்
சட்டைக்கைப் பொத்தானைக் கழற்றி
முழங்கையை நீட்டினார்.
எனக்கு எப்போதும் மூன்று குத்து, என்றார்.
விரல் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.
ஊசி எடுக்க விதி இல்லை.
பேனாவால் ஒரு நீலப் புள்ளி வைத்து
இங்கே, என்றேன்.

பிறகு ஆட்சேபனை இல்லை என்றொரு கடிதம் கேட்டார்கள்.
வேலை உறுதி என்று அவர்கள் தந்தால்
ஆட்சேபனை இல்லை என்று இவர்கள் தருவார்களாம்.
ஆட்சேபனை இல்லை என்று இவர்கள் தந்தால்
வேலை உறுதி என்று அவர்கள்.
நடுவில் மூன்று ரவுண்டானா,
என் ஒரு நாள் விடுப்பு.

பள்ளியில் இலக்கண வகுப்பில் தூங்கியவள் நான்.
இடைச்சொல் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது:
தனியாக நிற்காது, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும்.
அந்தத் துறைத் தாழ்வாரத்தில்
கதவுக்குக் கதவு பெயர்ப்பலகை.
செவ்வாய்க்கிழமை வந்து போகிறவர்களுக்குக் கதவு கிடையாது.
இன்னின்னாரும் என்று முடிகிற இடத்தில் வரும்
அந்த ‘உம்’ நாங்கள்.

கடைசியில் கடிதம் வந்தது, மாடசாமிக்கே.
ஒரு பருவம். வாரத்துக்கு மூன்று மணி நேரம்.
பன்னிரண்டு மாணவர்கள் சேர்ந்தால் மட்டும்.

டாக்டர் மாடசாமிக்கு வேலை கிடைச்சிருக்குப்பா என்றேன் போனில்.
எவன் அவன், என்றார்.
விளக்கிச் சொன்னேன்.
மாசச் சம்பளமா?
மணிக்கணக்குப்பா. பிள்ளைங்க சேர்ந்தாத்தான்.
அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் நகரும் சத்தம்.
எறக்குக்கூலிதான, என்றார். லோடு வந்தாத்தான்.
ஆமாப்பா.
சரி. தண்ணி நல்லாக் குடி.

இன்று காலை வரை ஒன்பது பேர்.